பின்னந்தலை

போய்விட்டார்கள். அப்பாடா என்று இருக்கிறது. சாமி கும்பிடப் போகிறவர்களின் முதுகைப் பார்த்து அப்பாடா என்று நினைக்கலாமா என்று உடனே பயமாகவும் இருக்கிறது. திருச்செந்தூர் வரைக்கும் வந்துவிட்டு முருகனைப் பார்க்காமல், மணலில் பழைய பெட்ஷீட்டை விரித்து, எல்லாருடைய செருப்புக்கும் ஈரத்துணிப் பைக்கும் காவல் உட்கார்ந்திருக்கிறவள் இந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இல்லை, இருக்காது. இத்தனை பெண்கள் இருக்கிற இடத்தில் இன்னும் நாலு பேராவது என்னைப் போலத் தூரமாகி, கோவிலுக்குள் போக முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாரென்று தெரிந்தால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். நாள் எண்ணிப் பார்த்துத்தான் கிளம்பினேன். என் உடம்புக்கு என்மேல் என்ன கோபமோ, இன்றைக்கு விடியும்போதே வந்துவிட்டது. ராஜகனி மதினியிடம் காதோடு காதாகச் சொன்னேன். அவள் காதோடு வாங்கிக்கொண்டு லாட்ஜ் வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, "உலகுக்குச் சௌகரியமில்ல, அவ ரூம்லயே இருக்கட்டும்" என்றாள். அவள் வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும், மீசை முளைத்த பிள்ளைகள், சுவரைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் சுவரைத்தான் பார்த்தார். கல்யாணமாகி ஏழாவது மாதம். பாவம், அவர் என்ன நினைத்தாரோ. நான் என்ன நினைத்தேன் என்பதை நானே இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மதினி, "பிள்ளைகளுக்கு ஒரு தீட்டும் ஒட்டாது. வரிசைல நின்னா அதுக தாங்காது. நீ கடற்கரைல வச்சுப் பாத்துக்கோ. தண்ணிக்குள்ள மட்டும் விட்டுராத" என்று சொல்லிவிட்டுப் போனாள். தண்ணிக்குள் விட்டுவிடுவேனா. என்னைப் பார்த்தால் அப்படியா இருக்கிறது. இருக்கும். இரண்டாந்தாரம் என்றாலே அந்த முகம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்போல.

குகன் என் காலடியில் குழி தோண்டுகிறான். ஏழு வயது. பாப்பா அவன் தோண்டிப் போடுகிற மணலைத் திரும்பக் குழிக்குள்ளேயே தள்ளுகிறாள். அவளுக்கு மூன்றரை. பெயர் தேவயானை, ரேஷன் கார்டில் மட்டும். வீட்டில் பாப்பாதான், கேட்டால் அவளும் பாப்பா என்றுதான் சொல்லுவாள். இரண்டும் பொன்மலர் பெற்ற பிள்ளைகள். பொன்மலர் மஞ்சள் காமாலையில் போனபோது பாப்பா தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. உயிரோடு இருந்தபோது, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றாகத் திருச்செந்தூரில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டியிருந்தாளாம். அந்த வேண்டுதலுக்குத்தான் இந்த மூன்று நாள் கடற்கரை வாசம். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே மொட்டை எடுக்க வேண்டும். பொன்மலரின் அண்ணன் ஆறுமுகநயினார், ராஜகனி மதினியின் வீட்டுக்காரர், தூத்துக்குடியிலிருந்து வந்தார், தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தார். இதில் எனக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தூரமானது ஒரு விதத்தில் எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. காலையில் ரூமில் தனியாக உட்கார்ந்து ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு தட்டியது, திறந்தால் யாரோ இரண்டு பிள்ளைகள். சந்தனம் பூசிய மஞ்சள் மண்டை, காதில் தங்கப் பொட்டு, காதைச் சுற்றிச் சிவப்பு, அழுது வீங்கின கண். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, யாருடைய பிள்ளைகள் இது என்று நினைத்துவிட்டேன். உடுப்பும் மாறியிருந்தது. நான் உடுத்தி அனுப்பிய பச்சைக் கவுன் சுருட்டிப் பைக்குள் கிடக்கிறது. மாமன் வாங்கிய ரோஸ் கவுனைப் போட்டிருக்கிறாள், வலை வைத்தது, இடுப்பில் பூ வைத்தது. எனக்கு அந்தக் கவுனை நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் தென்காசியில் ஜவுளிக்கடையில் குழந்தைகள் பிரிவில் நின்றவள் நான். கோடை லீவுக்கு இந்த மாடல்தான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், மொட்டை போட, காது குத்த, எல்லாத் தாய்மாமனும் இதைத்தான் தூக்குவார்கள். "பிள்ளைக்கு எடுப்பா இருக்கும் அண்ணாச்சி" என்று நானே எத்தனை பேர் தலையில் கட்டியிருக்கிறேன்.

"அலை பாக்கப் போவோமா?" என்று குகன் கேட்கிறான். யாரைப் பார்த்துக் கேட்கிறான் என்று சொல்ல முடியாது, குழியைப் பார்த்துக் கேட்கிறான். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை அவன். சித்தி என்றும் இல்லை, அம்மா என்று எதிர்பார்க்கிற அளவுக்கு நான் பேராசைக்காரியும் இல்லை. பசித்தால் அடுப்படி வாசலில் வந்து நின்று இருமுவான். பாப்பா அதுகூட இல்லை, சேலையைப் பிடித்து ஒரு இழு இழுப்பாள். "ஓரமா நிக்கணும். கால் நனையிற மட்டும்தான்" என்கிறேன். இரண்டும் ஓடுகின்றன. வெயில் தாழ ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் மணல் சுடுகிறது. கூட்டம் கூட்டமாகக் குளிக்கிறார்கள். உடுத்திய சேலையோடு கிழவிகள் அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், அலை வந்து தள்ளினால் மொத்தமாகச் சிரிக்கிறார்கள். நுங்கு விற்கிறவர் வந்து நிற்கிறார். பிள்ளைகளுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. வாங்கி, அவர் சீவுவதைப் பார்த்து, சில்லறை தேடி, ஓலையில் வைத்து, மணல் விழாமல் முந்தானையால் மூடி நிமிர்ந்தால் குகன் இங்கே பாதி வழியில் நண்டு வளைக்குள் குச்சியை விட்டுக்கொண்டிருக்கிறான். பாப்பா? அதோ இருக்கிறாள். நுரை வந்து தொடுகிற இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஈர மணலை அள்ளித் தன் கால்மேலேயே போட்டுக்கொள்கிறாள். மஞ்சள் மண்டை, ரோஸ் கவுன். இருக்கட்டும், விளையாடட்டும், அலை அவள் முட்டிக்குக்கூட வரவில்லை.

எவ்வளவு முடி தெரியுமா அதற்கு. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள் இப்போது. காலையில் இரண்டு சடை பின்னுகிற நேரம்தான் எனக்கும் அவளுக்கும் உள்ள ஒரே பழக்கம். வேறு எப்போதும் என் பக்கம் வரமாட்டாள், தூக்க வந்தால் விறைத்துக்கொள்வாள். ஆனால் சீப்பை எடுத்தால் மட்டும் தானாக வந்து என் இரண்டு முட்டிக்கும் நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். நான் சிக்கு எடுக்க எடுக்க அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்து என் வயிற்றில் வந்து நிற்கும். வேண்டுமென்றே மெதுவாகப் பின்னுவேன். பின்னினதை அவிழ்த்து, கோணலாகப் போய்விட்டது பாப்பா என்று பொய் சொல்லி மறுபடி பின்னுவேன். இனிமேல் சடை போட வளர எத்தனை மாதம் ஆகும். அதுவரைக்கும் எதைச் சாக்கு வைத்து அவளைத் தொடுவது. சிரிப்பாக இருக்கிறது, முருகனுக்கு அவள் முடியைக் கொடுத்தார்கள், எனக்கென்று இருந்ததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற முறையும் இல்லை. நேர்ந்தவள் பொன்மலர். நான் யார்.

ஆனால் இன்னொன்றைக் கேட்டுவிட்டார்களே. அதற்கு இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் எல்லாரும் மொட்டைக்குப் புறப்பட்ட நேரத்தில் என் வீட்டுக்காரர் மட்டும் டீ வாங்கிக்கொண்டு ரூமுக்குள் வந்தார். டீயை நீட்டிக்கொண்டே, "மச்சான் பாப்பாவக் கேக்காவ" என்றார். கேட்கிறார்கள் என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. "அவங்க வீட்டுக்குத்தான். ஜூன்ல தூத்துக்குடியிலயே ஸ்கூல்ல சேத்து அவங்களே வளக்கேங்காவ. பொம்பளப் பிள்ள இல்லாத வீடு. உனக்கும் லேசா இருக்கும்னு சொல்லுதாவ." நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "உலகுகிட்ட கேட்டுச் சொல்லுதேன்னேன். தங்கத்தேர் இழுக்கதுக்குள்ள யோசிச்சு வையி." நல்ல மனுஷன்தான். ஒரு அதட்டல் கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. கரண்டு கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர், எதைத் தொட்டாலும் ஒரு தடவை யோசித்துத்தான் தொடுவார். இதையும் தொடாமல் என் கையில் கொடுத்துவிட்டு டீ கிளாஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கொடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னால், வந்து வருஷம் திரும்பவில்லை, மூத்தாள் பிள்ளையை விரட்டிவிட்டாள் என்பார்கள். கொடுக்க வேண்டாம் என்றால், நாளைக்கு அதற்கு ஒரு காய்ச்சல் வந்தால், ஒரு கீறல் விழுந்தால், நல்ல இடத்துக்குப் போக இருந்த பிள்ளையை மறித்து வைத்துக்கொண்டாளே என்பார்கள். மச்சானும் மதினியும் கெட்டவர்களா என்றால் அதுவும் இல்லை. மதினிக்கு வாய்தான் பெரிசு. பாப்பா காது குத்தும்போது இவளும் சேர்ந்து அழுதாளாம். பிள்ளையை மடியை விட்டு இறக்கமாட்டாள். அங்கே போனால் மாடி வீடு, அண்ணன்மார் இரண்டு பேர், கேட்டதெல்லாம் கிடைக்கும். எனக்கும் லேசாகத்தான் இருக்கும். அந்த லேசு என்கிற வார்த்தையைத்தான் தாண்டிப் போக முடியவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று இவ்வளவு நேரம் யோசிக்கிறேனே, பாப்பா எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு தடவையாவது கேட்டுக்கொண்டேனா. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயம். ஒருவேளை எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லையோ. சடைமேல்தான் ஆசையோ. ஜவுளிக்கடையில் பொம்மைக்கு உடுப்பு மாட்டிப் பழகின கைதானே இது.

என்னையும் லேசாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தார்கள். ஐந்து வயசு. எங்கள் வீட்டில் பெண்களாகப் பிறந்து வரிசையாக நின்றோம், பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. தென்காசி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, அம்மா கீழே நின்றாள். வண்டி எடுக்கிறவரைக்கும் பக்கத்து வீட்டுக்காரியிடம் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றாள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்க முடியவில்லை என்று இப்போது புரிகிறது. அப்போது, தண்ணீர் வராததுதான் அவளுக்குப் பெரிசு என்று நினைத்தேன். பெரியம்மா நன்றாகத்தான் வளர்த்தாள், அடித்ததில்லை, குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஆனால் இரண்டாவது தோசையை நான் கேட்டு வாங்கினதே இல்லை. போதுமா என்பாள், போதும் பெரியம்மா என்பேன். பாத்ரூமில் போய் அழுதாலும் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். இன்றைக்கு வரைக்கும் யார் வீட்டிலும் நாற்காலியில் முழுசாக உட்காரமாட்டேன், ஓரத்தில்தான். சொந்த வீட்டிலும் அப்படித்தான் உட்காருகிறேன் என்று போன வாரம் அவர்தான் சொன்னார், "நல்லா சாஞ்சு உக்காரேன் உலகு, யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்க." பாப்பாவும் அந்த மாடி வீட்டில் அப்படித்தான் உட்காருவாளா. மாட்டாள், மதினி மடியில் உட்காருவாள். ஆனால் ஒருநாள் மதினிக்குக் கோபம் வரும். எல்லாருக்கும்தான் கோபம் வரும். அன்றைக்கு யாரிடம் போய் நிற்பாள். குகனும் பக்கத்தில் இருக்கமாட்டான்.

அதோ உட்கார்ந்திருக்கிறாளே, அந்தப் பின்னந்தலையைப் பார். முடி இருந்தபோது தெரியவே இல்லை, என்ன அழகான மண்டை, புதுப்பானை மாதிரி. கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம், சந்தனம் அங்கே மட்டும் காய்ந்து வெடித்திருக்கிறது. வெயில் படுகிறது. தொப்பி வாங்கி வைத்திருக்க வேண்டும், எனக்கு ஏன் தோன்றவில்லை, மதினியாக இருந்தால் தோன்றியிருக்கும். அலை வந்ததும் தோளைத் தூக்கிக்கொண்டு மூச்சைப் பிடிக்கிறாள், அலை போனதும் விடுகிறாள். பயந்தாங்கொள்ளி. ஆனாலும் எழுந்து ஓடவில்லை, பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறாள். நானும் அப்படித்தானே, பயந்துகொண்டே எழுந்திருக்கமாட்டேன். என்னைப் போலவே இருக்கிறாள். நான் பெறாத பிள்ளை எப்படி என்னைப் போல இருக்கும், அசட்டுத்தனம். இருந்தாலும் பார்க்கப் பார்க்க அந்தப் பின்னந்தலை என் உள்ளங்கைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. ராத்திரி ரூமுக்குப் போனதும் வெந்நீர் வைத்து, மணல் போக, மெதுவாக அந்தத் தலைக்கு ஊற்ற வேண்டும். முடி முளைக்கிற வரைக்கும் தினமும் எண்ணெய் தேய்த்துவிடலாம், அதற்கு யார் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள். அட, இவ்வளவுதானா. இதற்கா காலையிலிருந்து இந்தப் பாடு பட்டேன். கொடுக்கமாட்டேன். அவ்வளவுதான். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு வேண்டும் இவள். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, குகன் நிமிர்ந்து பார்க்கிறான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மணல் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். "பாப்பா" என்று கூப்பிடுகிறேன். திரும்பவில்லை. "பாப்பா, நுங்கு தின்ன வா." எழுந்து போகிறேன், குனிந்து அந்தத் தலைமேல் கையை வைக்கிறேன். அதற்குள் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண், "ஏ ஸ்ரீமதி, எந்திரி, போதும்" என்கிறாள். பிள்ளை திரும்பி என்னைப் பார்க்கிறது. பெரிய கண், முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது. வேறு முகம்.

வேறு பிள்ளை. வேறு பிள்ளையின் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பெண், "உங்க பிள்ளையும் மொட்டையாக்கா?" என்று சிரிக்கிறாள். ஆமாம் என்று சிரிக்கிறேன், சிரித்தேனே, அந்த நேரத்திலும் சிரித்தேனே. அப்புறம் திரும்பிப் பார்த்தால் கடற்கரை முழுக்க மஞ்சள் மண்டைகள். ஆணும் பெண்ணும் குழந்தையும், சின்னது பெரியது, எத்தனை. இத்தனை நேரம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ரோஸ் கவுன் அங்கே ஒன்று, சுண்டல்காரன் பக்கத்தில் ஒன்று, அப்பன் தோளில் ஒன்று. ஓடிப்போய்த் தோளில் இருந்ததைத் திருப்பிப் பார்க்கிறேன், அந்த ஆள் என்ன என்ன என்கிறான். நுங்குக்காரர் வருகிறவரைக்கும் பார்த்தேன். வாங்கி முடித்துப் பார்த்தது அவளா, இந்தப் பிள்ளையா? எப்போதிலிருந்து இந்தப் பிள்ளை? நான் ஆசைப்பட்டது எந்தத் தலைமேல், அழுதது யாரைப் பார்த்து? என்னைப் போல இருக்கிறாள் என்றேனே, அது யாரோ ஸ்ரீமதி. பெற்றவளாக இருந்தால் மண்டை தெரிந்திருக்கும். உச்சி எலும்பு மூடாமல் துடிக்கிற நாளிலிருந்து தடவி வளர்த்தவளுக்குத் தெரியாமலா போகும். நான் பார்த்ததெல்லாம் முடியை. முடியை எடுத்துவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாது, உடுப்பை மாற்றிவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாது, நான் ஜவுளிக்கடைக்காரி, எனக்கு அளவு மட்டும்தான் தெரியும். "குகா, பாப்பா எங்கடா?" "உங்க பக்கத்துல இல்ல?" "உன்கூடத்தானே ஓடி வந்தா." "நான் நண்டு பாத்தேன்." அவன் உதடு கோணுகிறது. கடலைப் பார்க்கிறான். "கடல் எடுத்துட்டுப் போயிட்டுதா? சாமி அம்மாவ எடுத்துட்டுப் போன மாதிரியா?" என்கிறான். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுகிறேன், எதற்கு ஓடுகிறேன் என்று தெரியவில்லை, இடுப்புவரை நனைந்துவிட்டது, குளிக்கிறவர்களின் முகம் முகமாக "ரோஸ் கவுன், மொட்டை, ரோஸ் கவுன்" என்கிறேன். அதோ நிக்குதே, இதோ நிக்குதே என்று ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள், காட்டுகிற பக்கமெல்லாம் ரோஸ் கவுன் நிற்கிறது. அலை இழுக்கிறது. முருகா, நான் தூரம், உன்னைக் கூப்பிடக்கூடாது, கூப்பிடுகிறேன், என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அவளை மாடி வீட்டுக்கே கொடுத்துவிடுகிறேன். லேசாக இருந்துகொள்கிறேன். திருப்பிக் கொடு.

அப்போதுதான் மைக் சத்தம். அதுவரை எத்தனை முறை சொன்னார்களோ, கடல் இரைச்சலில் கேட்கவில்லையோ, கேட்கிற நிலையில் நான் இல்லையோ. "பக்தர்களின் கனிவான கவனத்திற்கு. மொட்டை போட்டு சந்தனம் பூசிய, ரோஸ் கலர் கவுன் அணிந்த, சுமார் மூன்று வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை ஒன்று காவல் உதவி மையத்தில் உள்ளது." எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள், எத்தனை தாய்கள் தங்கள் பிள்ளையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். யாருடைய பிள்ளையோ. எல்லாப் பிள்ளையும் அப்படித்தான் இருக்கிறது. "குழந்தை தன் பெயரைப் பாப்பா என்று சொல்கிறது." எல்லாப் பிள்ளையும் பாப்பாதான். "தாயார் பெயர் உலகு என்று சொல்கிறது. உலகு என்பவர் எங்கிருந்தாலும் உடனடியாக வந்து குழந்தையைப் பெற்றுக்கொள்ளவும்." கரைக்கு வந்து ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குகன் என் தோளைப் பிடித்து உலுக்குகிறான், "உங்க பேருதான், உங்க பேருதான் சொல்லுதாங்க." மறுபடி சொல்கிறார்கள். தாயார் பெயர் உலகு. கோபுரத்துக்குக் கீழே, கடைத்தெருவில், பிரகாரத்தைச் சுற்றி நிற்கிற வரிசைக்குள், எல்லா இடத்திலும் குழாய் கட்டியிருக்கிறார்கள். வரிசையில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். மச்சான் நிற்கிறார், மதினி நிற்கிறாள். கேட்டிருக்கும். எல்லாருக்கும் கேட்டிருக்கும். தொலைத்துவிட்டேன் என்பதும் கேட்டிருக்கும், மற்றதும் கேட்டிருக்கும். பிறகு எப்படி எழுந்தேன், குகனை இழுத்துக்கொண்டு எப்படி ஓடினேன் என்று நினைவில்லை, செருப்பு, பெட்ஷீட், நுங்கு, பை எல்லாம் அங்கேயே கிடக்கிறது.

பந்தலுக்குக் கீழே மேஜைமேல் உட்கார்ந்திருந்தாள், கையில் பிஸ்கட். நான் பாய்ந்ததும் போலீஸ்காரம்மா கையை நீட்டி மறித்தாள். "இரும்மா. போட்டோ இருக்கா?" ஈரக் கையால் ஜாக்கெட்டுக்குள் இருந்த போனை எடுத்துக் காட்டினேன். இரண்டு சடை, ரிப்பன், பச்சைக் கவுன். அவள் போட்டோவைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், "எல்லாரும் முடி வச்ச போட்டோவாத்தான் கொண்டு வாறீங்க, நான் எதை வச்சுக் கண்டுபிடிக்க" என்று சலித்துக்கொண்டாள். பாப்பா பக்கம் திரும்பி, "பாப்பா, இது யாரு?" என்றாள். பாப்பா மேஜையிலிருந்து தானாக இறங்கினாள். நேராக என்னிடம் வந்தாள், நான் முட்டி போட்டுக் கையை விரித்தேன். பிஸ்கட் கையாலேயே என் கன்னத்தில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "எங்க போன நீ? நான் தேடினேன்ல" என்றாள். இன்னொரு அடி வைத்தாள். அப்புறம்தான் முகம் உடைந்து அழுதாள். தூக்கினால் விறைத்துக்கொள்கிற பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு, மூக்கையும் சந்தனத்தையும் என் தோளில் தேய்த்துக்கொண்டு அழுதது. போலீஸ்காரம்மா, "சரி சரி, கூட்டிட்டுப் போ" என்றாள்.

அவர்கள் வரிசையை விட்டு ஓடி வந்திருந்தார்கள். சாமி பார்க்கவில்லை. அவர் குகனைத் தூக்கிக்கொண்டார், அவனும் அழுதான். மச்சான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "ஒரு மத்தியானம் பாத்துக்கிட முடியலயேம்மா" என்றார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், மெதுவாகச் சொன்னார். அப்புறம் முகத்தை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு, "தாயார் பேரு உலகுன்னு மைக்ல சொல்லுதான். எந்தங்கச்சி பேரு அதுக்குத் தெரியவே தெரியாதா?" என்றார். எனக்கும் அந்த நேரத்தில் பொன்மலரை நினைத்து அழுகை வந்தது. மதினி பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். "கொண்டா, எங்கூடயே இருக்கட்டும். இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருதோம்." அவர் என்னைப் பார்த்தார். காலையில் டீயை நீட்டியபோது பார்த்த அதே பார்வை. பாப்பாவின் பின்னந்தலையில் கை வைத்திருந்தேன். வலப்பக்கம் கொஞ்சம் தட்டையாக இருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு மச்சம், முடிக்குள் இத்தனை நாள் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

"தொலச்சது நான்தான் அண்ணே" என்றேன். "வேற பிள்ளையப் பாத்துக்கிட்டு, இவன்னு நெனச்சு உக்காந்துட்டேன். இவ தல எனக்கு அடையாளம் தெரியல. அதுக்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கிடுதேன். ஆனா பாப்பாவத் தர மாட்டேன். நாளப்பின்ன இவ தொலஞ்சா, தேடுறது நானாத்தான் இருக்கணும். பொன்மலரக்கா பேர நானே சொல்லிக் குடுக்கேன், தினமும் சொல்லிக் குடுக்கேன்." என் குரல் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது, போலீஸ்காரம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் குகனை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். மச்சான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதினியின் நீட்டின கை அப்படியே இருந்தது. அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் பாப்பாவின் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"மணல் ஏறிக் கெடக்கு" என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். "ரூமுக்குப் போனதும் வெந்நீர்ல தொடச்சிட்டுத் தேங்கா எண்ண வையி. தோட்டைத் திருகிக்கிட்டே இருக்கணும், இல்லன்னா ஒட்டிக்கிடும். ஒருச்சாச்சு, காது அமுங்கப் படுக்க விட்டுராத."

"சரி மதினி" என்றேன்.